இலக்கம் பதினேழின் வாசிப்பு

மாதம் ஒரு தரம்
குனிந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம்.
வீட்டின் முகப்பு எனக்கு முக்கியமில்லை.
தண்ணீர் மீற்றர் எந்த மூலையில்,
அந்த மூலையில் எந்த நாய்,
அது எத்தனை மணிக்குத் தூங்கும்:
இவ்வளவும் தெரிந்தால் போதும்.

புளியந்தீவில், வாவிக்கு இறங்கும் ஒழுங்கையில்
இலக்கம் பதினேழு.
முன்பக்கம் மீராலெவ்வையின் சைக்கிள் ரயர் கடை.
பின்பக்கம் எர்மின் செலர், தனியாக,
ஐந்து குரோட்டன் சாடிகளும் ஒரு றேடியோவும்.
மீற்றர் குளியலறைச் சுவரோடு, பீர்க்கங்கொடிக்குக் கீழே.
கையை விட்டால் முதலில் அகப்படுவது தவளை.

ஒன்றரை முழத் தடிப்புச் சுவர்.
எழுபத்தெட்டுச் சூறாவளி
கூரையைக் கழற்றி வாவிக்குள் போட்டது,
சுவரோடு கொழுவவில்லை.
பிறகு வந்தவர்கள் சுவரோடுதான் கொழுவினார்கள்.
ஆறு துளை.
மழைக்கு ஒதுங்கிய ஒருநாள் கண்டேன்,
ஆறிலும் ஆறு கலண்டர், ஆறும் வேறு வேறு வருடம்.
"எது மிசி சரியான திகதி?"
"மறைக்கிறதுக்கு மகன் அது.
பார்க்கிறதுக்கு இல்ல."

பெப்ரவரியில் சுவரில் சிவப்புப் பெயின்ற் அம்பு.
நடைபாதை, வாகனத் தரிப்பிடம்,
இரவில் நிறம் மாறும் விளக்குகள்.
குறை சொல்ல மாட்டேன்;
பின்னேரங்களில் என் சின்னவளோடு அங்கேதான் நடக்கிறேன்.
வாவிக் காற்று நல்ல காற்று.

ஒன்றரை நாள் வேலை என்றார் பெக்கோக்காரர்.
ஆறு நாள் நின்றது.
முருகைக்கல்லும் சுண்ணாம்பும்
அவருடைய கணக்கில் இருக்கவில்லை.
உடைந்த விளிம்பில்
நீலத்துக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் பச்சை,
அதற்குள் எவர் பூசியதென்று தெரியாத ஒரு வெள்ளை.
கதவுநிலை பாசிக்குடா ஹோட்டல் ஒன்றுக்குப் போனது,
ரயர்கள் காத்தான்குடிக்கு.
எர்மின், தாண்டவன்வெளியில் ஓர் அனெக்ஸுக்கு.

மே மாத வாசிப்புக்குப் போனேன்.
பட்டியலில் பதினேழு இருந்தது.
நிலத்தில் இல்லை.
கொங்கிறீற் கற்களுக்கு நடுவே ஒரு சதுர இரும்பு மூடி.
தூக்கினேன்.
தவளை இல்லை.
மீற்றர் இருந்தது,
முள் சுற்றிக்கொண்டிருந்தது

மெதுவாக,
ஓர் ஆள் முகம் கழுவுகிற வேகத்தில்.

வெட்டுண்ட குழாய் எங்கோ கசிகிறது.
பதினெட்டு வருடச் சேவை, இது தெரியாமலா?
தெரிந்துகொண்டே
மூடாமல் குந்தியிருந்தேன்.
ஐஸ்கிறீமோடு போன பிள்ளைகள்
என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மேயில் நான்கு அலகு.
யூனில் நான்கு.
யூலையில் ஐந்து.
கச்சான் காற்றல்லவா, கூடத்தான் வேண்டும்.

கசிவு என்று ஒரு சொல் எழுதினால்
அடுத்த நாளே வந்து அடைத்துவிடுவார்கள்.
குறிப்பு என்கிற நிரலில்
மூன்று மாதமும் நான் எழுதியது:
வீடு பூட்டியிருக்கிறது.

மெசின் துப்பிய பில்லை எறிய மனமில்லாமல்
தாண்டவன்வெளிக்குக் கொண்டுபோனேன்.
சும்மா காட்டத்தான்.
கண்ணாடியைப் போட்டு, வரி வரியாகப் பார்த்து,
"ஐந்து கூடத்தான்" என்றா,
"சாடிகளுக்கு ஊத்தியிருப்பன்."
சாடிகள் இங்கே, அவவின் காலடியில்,
காய்ந்துபோய்.

காசு வேண்டாம் என்றேன்.
கேட்காமல் சில்லறை எடுக்க உள்ளே போனா.
புதுச் சுவரில் ஆறு கலண்டர்,
அதே ஆறு, அதே இடைவெளியில்.
ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.

வெறும் சுவர்.
பெயின்ற் இன்னும் சரியாகக் காயவில்லை,
விரலில் ஒட்டியது.