ஒன்றிலிருந்து ஒன்பது வரை

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி.
வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.
நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றுக்கு நாலு மைல் தள்ளி,
சோளக்காடுகளுக்கு நடுவே
இருபத்துநான்கு புல் கட்டங்கள்,
ஒவ்வொன்றும் படுக்கப்போட்ட கதவளவு.
வெள்ளை நூல் கட்டிப் பிரித்தது நான்.
எதில் எதை ஊற்றினார்கள் என்பதை மட்டும்
என்னிடம் சொல்லக் கூடாது.

என் வேலை மதிப்பெண் போடுவது.
ஒன்று என்றால் செத்தது.
ஆறு போதும். ஆறு என்றால்
பந்து ஒழுங்காக உருளும்,
கோல்ஃப் கிளப்பிலிருந்து யாரும் போன் செய்ய மாட்டார்கள்.
ஒன்பது, இன்னும் யாரும் பார்க்காத பச்சை.
பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு முறை போட்டேன்.
அன்று எனக்குக் காய்ச்சல் என்று
சாயங்காலம்தான் தெரிந்தது.

ஜூனில் சில கட்டங்கள் மினுங்கின.
எட்டு, எட்டு, எட்டரை.
முழு அளவு யூரியா என்று
யாரும் சொல்லாமலே தெரிந்தது;
தழைச்சத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது.
ஜூலையில் ராத்திரியும் சூடு இறங்கவில்லை.
அதே கட்டங்களில்
யாரோ சிகரெட் பிடித்து ஊதினாற்போல்
சாம்பல் வளையங்கள்.
கம்பியை இறக்கி ஒரு துண்டு மண்ணெடுத்தேன்:
வேர் ஒரு விரல்கணுகூட இல்லை.
வாசலுக்கு மட்டும் சாயம் பூசிய வீடு.

மருந்து கலக்குகிறவன் ஆத்மர் பிரெஸ்டல்.
நார்வேயிலிருந்து பீப்பாயில் வருகிறது கடற்பாசிச் சாறு,
கறுப்பு, கொழகொழப்பு.
சாப்பாட்டுக்கு அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.
ஆத்மர் கடலைப் பார்த்ததில்லை.
இந்தப் புல்லும்தான்.
இருந்தாலும் நம்புகிறான்:
அலை அடித்து, காய்ந்து, மறுபடி நனைந்து
பாறையைவிட்டு நகராத அந்தப் பிடிவாதத்தைக்
காய்ச்சி எடுக்கலாம்,
லிட்டர் கணக்கில் இன்னொரு செடிக்கு ஊற்றலாம்,
யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம்.
மனுஷனுக்கு இப்படி ஒன்று வந்தால்
முதல் பீப்பாய் தனக்கு என்கிறான்.

பிறகு பதினேழாம் கட்டம்.
வெளிறிப்போய்க் கிடந்தது, எப்போதும் நாலு, நாலரை.
ஆகஸ்ட் முதல் வாரம்
அதன் மூலையில் தட்டளவு வட்டம்,
இருட்டுப் பச்சை.
அடுத்த வாரம் இன்னொன்று.
பென்சில் நின்றுவிட்டது.
டாக்டர் வெய்காண்ட் இரண்டு முறை வந்து
மண்டியிட்டுப் பார்த்தார்,
படம் எடுத்தார்,
"சுவாரஸ்யம்" என்றார்.

விடியற்காலையில் காரில் காத்திருந்தேன்.
ஐந்தே முக்காலுக்கு
வோண்ட்ராக் பண்ணையின் நாய் வந்தது.
பெயர் பிக்கிள், மூன்று நிறம், ஒரு காது மடங்கியது.
இருபத்துநான்கு கட்டங்களையும் முகர்ந்து
பதினேழின் முளைக்குச்சியிடம் நின்று
காலைத் தூக்கியது.
நடுவில் விழுந்த இடம் பொசுங்கும்.
சிதறி விழுந்த விளிம்பு தழைக்கும்.
மூன்று வருஷ மானியத்தில்
நாங்கள் எழுத நினைத்ததை
அது நின்றபடியே எழுதிவிட்டுப் போனது.

படிவத்தில், குறிப்பு என்ற இடத்தில்,
'நாய்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அக்டோபரில் உறையைப் பிரித்தார்கள்.
பதினேழுக்கு எதுவும் ஊற்றவில்லையாம்.
பாதி யூரியா மட்டும்: ஐந்து புள்ளி எட்டு.
பாதி யூரியாவும் கடலும்: ஆறு புள்ளி இரண்டு.
ஆத்மர் என்னைத் தூக்கிச் சுற்றினான்,
அந்த நாற்றத்தோடு.

புள்ளி நாலு.
செவ்வாய்க்கிழமைகளை எண்ணிப் பார்க்கிறேன்.
சரியாகத் தூங்காத செவ்வாய்கள்,
மேகம் வந்துவிடும் என்று அவசரமாகப் போட்ட செவ்வாய்கள்,
ஐந்தரையா ஆறா என்று
ஒரு கட்டத்தின் முன்னால் நின்று
பாவம் பார்த்த செவ்வாய்கள்.
அந்தப் புள்ளி நாலில்
கடல் எவ்வளவு, நான் எவ்வளவு?

முதல் பனி விழுவதற்குள்
நூலைச் சுருட்டியாக வேண்டும்.
பதினேழின் குச்சியைப் பிடுங்கும்போது
கையுறை போட்டுக்கொண்டேன்.