டெமோ மீன்கள்

டாக்யார்ட் ரோடு, மூன்றாவது மாடி.
லிஃப்ட் ஓடாது.
ஹார்பர் லைன் வண்டி போகும்போதெல்லாம்
கண்ணாடி அலமாரி மெல்ல நடுங்கும்.
எங்கள் கடையில் அலை என்பது அதுதான்.

ஏறி வந்த மூவருக்கும் மூச்சு வாங்கவில்லை.
தூத்தூர்க்காரர்கள். படகு சசூன் டாக்கில் நிற்கிறது,
எழுபது அடி, பன்னிரண்டு ஆள், நாற்பது நாள் போக்கு.
கையில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம்,
பாதி வட்டிக்கு வாங்கியது.
முதலாளி ததேயுஸ் அதைச் சொல்லவில்லை.
எந்தப் பெட்டியை எடுத்தாலும்
விலைச்சீட்டைத்தான் முதலில் திருப்பினார்.

எக்கோ சவுண்டரை டெமோவில் போட்டேன்.
நீலத் திரையில் தரை மேடேறி இறங்கியது.
நடுவே சிவப்பாய், கொத்தாய், வில் வில்லாய் மீன்.
"ஒரு கிலோவாட். இருநூறு பாகத்திலும் அடி தெரியும்."
பதினொரு வருடமாகச் சொல்கிற வசனம்.
இதே மீன்கள், இதே வரிசையில்,
ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்.
ததேயுஸின் மச்சினன் ஜெரோவின்
திரையில் விரல் வைத்தே விட்டான்:
"கேரை. அத்தான், இது கேரையாக்கும்."

ஸ்ராங்கு மிக்கேலடிமை அந்தப் பக்கம் வரவில்லை.
கடல் வரைபடத்தின் முன்னால் நின்றார்.
"நாம இப்ப எங்க நிக்கோம்?"
ஆண்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
மஞ்சள் நிறத்துக்கு நடுவே
ஒரு குட்டிப் படகைக் கொண்டுவந்து நிறுத்தியது.
கடலெல்லாம் எண்கள், ஆழம், மூழ்கிய கப்பல், கேபிள்.
பம்பாய் வெறும் மஞ்சள்.
ஒரு புகைபோக்கி, ஒரு கோபுரம்,
தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரிகிற
நாலைந்து பொருள்.

"உம்ம வீடு எங்க?"
அந்தாப் ஹில் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டேன்.
"காணலியே," என்றார்.
வருத்தப்படுவது போலவே இருந்தது.

பிறகு ஏஐஎஸ் பெட்டியைக் கையில் எடுத்தார்.
"இத மாட்டுனா கப்பல்காரன் நம்மள காணுவானா?"

மோயிஸ் சேட் கால்குலேட்டரிலிருந்து தலை தூக்கினார்.
இதற்கும் ஒரு வசனம் உண்டு:
பெயர், வேகம், திசை, எல்லாம் அவன் திரையில் வரும்.
ஆனால் போன வருடம் நங்கூரமிட்ட ஒரு கப்பலில்
ரிப்பேருக்குப் போயிருந்தேன்.
டீ கோப்பையோடு நின்ற அதிகாரி
திரையில் ஈ மொய்ப்பதாக முகம் சுளித்து
ஒரே ஒரு பட்டனை அழுத்தினான்.
சின்னப் படகுகள் அத்தனையும் போயின.
கடல் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று.

"காணலாம்," என்றேன்.
"வேண்டாமென்றால் மறைத்தும் வைக்கலாம்.
அது அவன் கையில்."

வண்டி ஒன்று போனது. அலமாரி நடுங்கி அடங்கியது.
சேட் என்னைப் பார்க்கவில்லை,
அது இன்னும் மோசம்.

"அவன் காணட்டு, காணாம போகட்டு," என்றார் ஸ்ராங்கு.
"நா அவன காணணும். ராடார எடும்."

"ராடார வச்சி எதப் பாக்க?" ஜெரோவின் கத்தினான்.
"வட்டிக்காரன் வாறதயா?"
கடையில் எல்லோரும் சிரித்தோம்,
ததேயுஸ் தவிர.
அவர் நோட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்:
ராடார் ஒன்று. சவுண்டர் சின்னது, அறுநூறு வாட்.
ஏஐஎஸ் அடுத்த போக்குக்கு.
பதினெட்டாயிரம் துண்டு விழுந்தது.
சேட் ஏழு குறைத்தார், பதினொன்றைக் கடனாக எழுதினார்.
என் சம்பளத்திலிருந்து ஏதும் எழுதினாரா
என்று மாதக் கடைசியில்தான் தெரியும்.

அவர்கள் இறங்கிப் போன பிறகும்
பெரிய திரையில் கேரைகள் போய்க்கொண்டிருந்தன.

முப்பத்தாறாம் நாள் போனில் ஒரு படம்.
கறுப்புத் திரை, வளையங்கள்,
ஓரத்தில் பச்சையாய் ஒரு தழும்பு.
கீழே: இது உங்க ஊரு. உம்ம வீடும் இதுல உண்டு.

இன்னொரு செய்தி உடனே வந்தது.
மழைக்கெல்லாம் அலாரம் கூவுது,
ஜெரோவினுக்கு உறக்கமில்ல, எப்படி நிறுத்த?

நிறுத்த வேண்டாம், என்று அடித்தேன்.
வலது பக்கம், இரண்டாவது திருகு.
கொஞ்சமாகத் திருப்புங்கள்.