ரசீதுப் புத்தகம்

சங்கத்தில் பதினாலு பேர்.
ஒருத்தர் செத்துப்போய்
பேரேட்டில் மட்டும் உயிரோடிருந்தார்.
சந்தா கேட்டுப் போனால்
"சங்கம் என்னத்தைக் கிழிச்சுது?" என்பார்கள்.
ஆறு வருஷமாக அதே நூறு தாள் புத்தகம்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம்,
ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் மூணாவது லைன்.
நாற்பது பெண்களுக்கு ஒரு டோக்கன்;
அது ஆணியில் தொங்கினால்தான்
கக்கூசுக்குப் போகலாம்.
ஒரு செவ்வாய்க்கிழமை
எப்சிபாவின் ஸ்டூல் நனைந்தது.
சூப்பர்வைசர் சிரித்தான்.
ஜரீனா பெடலிலிருந்து காலை எடுத்தாள்.
ஒரு மிஷின் நிற்கிற சத்தம்
இவ்வளவு பெரிசென்று யாருக்குத் தெரியும்?

நான் பொருளாளர். எனக்கே பயம்.
கொடியைத் தேடினேன், எலி கடித்திருந்தது.

ஒன்பது நாள்.
பேர்ணாம்பட்டு வேன்
காலியாக வந்து காலியாகப் போனது.
நாலாம் நாள் குழுக்கடன் வசூல்காரன்
கேட்டுக்கே வந்துவிட்டான்.
அஞ்சாம் நாள் ஆறு பேர் உள்ளே போனார்கள்.
ஏழாம் நாள் அதில் ரெண்டு பேர்
புங்கமர நிழலுக்குத் திரும்பினார்கள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை,
சோற்றுத் தூக்கை நகர்த்திவைத்தோம்.

கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.
டோக்கன் ஒழிந்தது, ஆணி இருக்கிறது.
ஜரீனாவை ராணிப்பேட்டை யூனிட்டுக்குத் தூக்கியடித்தார்கள்.
இதை ஜெயிப்பு என்று எழுதலாமா?
நோட்டீஸில் அந்த இடத்தை விட்டுவைத்தேன்.

சம்பளச் சனிக்கிழமை
எப்சிபா பத்து ரூபாயை நீட்டினாள்:
"தேதியைச் சரியாப் போடுக்கா."
அவளுக்குப் பின்னால் வரிசை,
டீக்கடை தாண்டி.
நூறாவது தாளையும் கிழித்துக் கொடுத்துவிட்டு
வெறும் அட்டையோடு நிற்கும்போது
ராணிப்பேட்டையிலிருந்து போன்.
"இங்கேயும் ஆணி இருக்குக்கா.
புது புக்கு அடிக்கிறப்போ
எனக்கும் ஒண்ணு."