வந்த நோக்கம்

கென்னட் லேனில் காலை ஐந்தே முக்கால்.
ரயில் இறக்கிவிட்ட நாங்களும்
ரயில் ஏறப்போகிறவர்களும்
ஒரே பாய்லரின் டீயைக் குடிக்கிறோம்.
ரூம் ரூம் ரூம் என்று கூடவே வந்த ஆட்டோக்காரர்
கூட யாரும்மா வராங்க என்கிறார்.
யாருமில்லை என்றதும்
ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

முதல் லாட்ஜில் ஏசி இருக்கிறது, இடமில்லை.
இரண்டாவதில் மீன்தொட்டி இருக்கிறது,
தண்ணீர் மட்டும் நீந்துகிறது.
மூன்றாவதில் பெஞ்சிலிருந்து எழுந்த பையன்
பேசாமல் சுவரைக் காட்டினான்:
தனியாக வரும் பெண்களுக்கு அறை கிடையாது.
இப்படிக்கு, நிர்வாகம்.
நிர்வாகம் எங்கே தம்பி?
பத்து மணிக்குத்தான் வரும்.

சரி, வரட்டும்.
பரமக்குடியிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தவளுக்கு
ஒரு தெருவைப் பார்க்க நேரமா இல்லை.

பூரி உப்பும் சத்தம் வாசல்வரை கேட்கும் ஒரு கடை.
வங்காள எழுத்தில் மீன்சாப்பாட்டுப் பலகை,
அதன் கீழே
எக்ஸ்ரே உறையை விசிறியாக்கி
மனைவிக்கு வீசிக்கொண்டிருக்கும் ஒருவர்.
உறையின் மேல் மொக்லேசுர் என்று பெயர்.
விசிறுகிறவர் நோயாளி,
விசிறப்படுகிறவள் அழுகிறாள்.
சிம் கார்டு, பூட்டு, சங்கிலி, காற்றுத் தலையணை.
தலையணை விற்கிறவர்
தன் தலைக்குச் செங்கல் வைத்துப் படுத்திருக்கிறார்,
அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு.

"தங்கச்சி, இந்தக் கொழுக்கியைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களோ?"
வவுனியா பத்மலோஜினி.
கல்யாணச் சேலைகள் அட்டைப்பெட்டியில், நடுரோட்டில்,
கைத்தராசின் முள் நடுங்குகிறது.
இருபத்தெட்டு.
"முப்பது மட்டும் விடுவாங்கள். இன்னும் ரெண்டு கிடக்கு."
அந்த இரண்டு கிலோவுக்கு
வளையலா முறுக்கா என்று
இரண்டு பேரும் ரோட்டிலேயே நின்று யோசித்தோம்.
முறுக்கு நொறுங்கும்.
வளையலும் நொறுங்கும்.
கடைசியில் பெருங்காயம் வாங்கினோம்.

"பின்னேரம் ஆறு மட்டும் என்ர அறைதான்.
வந்து முகம் கழுவுங்கோ."
மாடிப்படியில் என்னை மறித்த மேனேஜரிடம்
"என்ர ஆள்" என்றாள்.
பெயர் கேட்டு அறிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஆறு மணிக்கு அவள் டாக்சி போனது.
அறையின் சாவி அவரும் வாங்கவில்லை,
நானும் கொடுக்கவில்லை.
பெருமூச்சுவிட்டு நோட்டைத் திருப்பி வைத்தார்.
பெயர், ஊர், வந்த நோக்கம்.
மேலே எவரோ ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தார்.
அதற்குக் கீழே பக்கம் முழுக்க
மேற்படி, மேற்படி, மேற்படி.
பேனா என் கையில் கொஞ்ச நேரம் நின்றது.
தெரு பார்க்க, என்று எழுதினேன்.
வாசித்தார். என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்,
அங்கே இருபது வருஷம் உட்கார்ந்தும்
பார்க்காத எதையோ தேடுகிறவர்போல.
"இதுல பார்க்க என்னம்மா இருக்கு?"
ஆனாலும் மின்விசிறியின் ரெகுலேட்டர் வேலை செய்யாது,
ஐந்தில் மட்டும் சுற்றும் என்று சொல்லிவைத்தார்.

ராத்திரி ஒன்பதுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினேன்.
நோட்டு திறந்தே கிடந்தது.
என் வரிக்குக் கீழே புதிதாக ஒரு பெயர்,
தேன்கனிக்கோட்டைக்காரர்,
நோக்கம்: மேற்படி.

மேனேஜர் பழக்கத்தில் எழுதியிருக்கலாம்.
அவர் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கலாம்.
கேட்கவில்லை.
வெளியே பூரிக்கடை பரோட்டாக்கடை ஆகியிருந்தது.