ஊதா டார்ச்

நகரியில் மே மாதம்.
நடுராத்திரியிலும் சுவர் சுடுகிறது.
"ஒக்க தேலு கூட லேது" என்று சொல்லித்தான்
அட்வான்ஸ் வாங்கினார் முனிரத்தினம்.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை
பங்கிலிருந்து எடுத்து வந்தான் தயாளன்.
கரண்ட் போகட்டும் என்று காத்திருந்து அடித்தோம்.

நிலைப்படி இடுக்கில் ஒன்று,
ரேடியம் ஸ்டிக்கர் பச்சையில்.
பிள்ளையின் ஷூவுக்குள் ஒன்று.
பானையடி ஈரமணலில் ஐந்தாறு,
எங்களுக்கு முன்பே இடம்பிடித்துப் படுத்திருந்தன.

இடுக்கி. மண்ணெண்ணெய் டப்பா.
பதினொன்றோடு என் கை நடுங்கி நின்றது.

விளையாட்டாகத்தான்
வாடகைக்கு எடுத்துவைத்த நோட்டுகள்மேலும் அடித்தான்.
எல்லாவற்றிலும் நூல் மினுங்கியது.
ஒன்றில் மட்டும் இருட்டு.

இரண்டு பேரும் பேசவில்லை.
டப்பாவுக்குள் இன்னும் ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தது.
அந்த ஐந்நூறைக் கட்டின் நடுவில் செருகி
ரப்பர்பேண்டு போட்டேன்.