பக்கம் முப்பத்தொன்று

கேள்வி நான் போட்டதுதான்:
கதைத்தலைவன் எந்த இடத்தில் மாறுகிறான்?
பக்கம் குறிப்பிடுக.

மஸ்ஜிட் ஜமேக்கில் உட்கார இடம் கிடைத்தது.
மடியில் விடைத்தாள்கள்.
வாளை ஆற்றில் எறியும் பக்கம்,
வாளை ஆற்றில்,
வாளை.
முப்பத்திரண்டு பேருக்கும் சரி போட்டேன்.

குகப்பிரியன் மட்டும்
பக்கம் முப்பத்தொன்று என்கிறான்.
“தேரோட்டியிடம் பெயர் கேட்கிறான்.
அதுவரைக்கும் ‘ஏய்’தான்.”

பதினான்கு வருடமாய் நடத்துகிற பாடம்.
அந்த வரி மேல் ஏறி
எத்தனை தடவை போயிருப்பேன்.
விடைத்திட்டத்தில் அதற்குப் புள்ளி இல்லை.
பேனா மூடி இருக்கைக்கு அடியில் உருண்டது.

செந்தூலில் மழை.
அடுக்ககத்துச் சின்னக் கதவை
எப்போதும்போல் திறந்துவிட்டார் காவலாளி.
குடையை மடக்காமல் நின்று
பெயரைக் கேட்டேன்,
மலாயில்.

சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி
“ஏன் சிக்கு,
புகாரா?” என்றார்.