முப்பத்து மூன்று பிளாட்

கால் மைல் என்றால் ஆயிரத்து முந்நூற்று இருபது அடி.
எங்கள் பிளாட்டின் முகப்பு நாற்பதடி.
வகுத்துப் பார்த்தேன். மீதியில்லாமல்
முப்பத்து மூன்று.
செக்கானூரணிக்குத் தெற்கே
நாலு வருஷமாய் விற்காத இந்த லேஅவுட்டில்
முதல் தடவையாக ஏதோ ஒன்று
கணக்குக்குச் சரியாக வந்தது.

ரோடு மட்டும் போட்டு முடித்திருந்தோம்.
வீடில்லை, கரண்ட் கம்பமில்லை,
சுண்ணாம்படித்த கற்களும் சீமைக்கருவேலும்
தண்ணீரே ஏறாத ஓவர்ஹெட் டேங்க்கும்.
அதன் உச்சியில் நான், ஸ்டாப்வாட்சோடு.
வடக்கே நாகமலை,
அதுவும் எங்கள் ரோடு மாதிரியே
நீளமாக, ஆளில்லாமல்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால்.
முதலில் ஜெயவீரனின் அமெரிக்கன் காருடைய சத்தம் வந்தது.
அப்புறம் கார்.
எட்டு சிலிண்டர், ஆயிரத்து எழுநூறு கிலோ, குங்குமச் சிவப்பு.
கோச்சடையில் முகூர்த்தம் தவறாமல் வாடகைக்குப் போகும் வண்டி;
இத்தனை வருஷமும்
நாகஸ்வரக்காரர் நடைக்குப் பின்னால்
முதல் கியரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஊர்ந்தே பழகியது.
மூக்கு நுனியில் மாலை கட்டும் கொக்கியைக்கூட
அவர் கழற்றவில்லை.

சபூராவின் வண்டிக்குக் கூரையே கிடையாது.
கப்பலூர் லேத் பட்டறையில்
குழாய் வளைத்து அவளே பற்றவைத்தது.
விபத்தில் நசுங்கிய ஏதோ காரின் இன்ஜின்.
இரண்டு பேர் உட்காரலாம்,
இரண்டு பேரும் ஒல்லியாக இருந்தால்.
ஸ்டெப்னியை இறக்கினாள். பக்கத்து சீட்டை இறக்கினாள்.
ஜாக்கி, தண்ணீர் பாட்டில், கைப்பை.
கொஞ்சம் யோசித்துவிட்டு
செருப்பையும் கழற்றி
ஒன்றாம் பிளாட்டின் கல்மேல் வைத்தாள்.
"முழு டேங்க்கா அண்ணே?"
"பின்னே? அரை டேங்க்ல ஓட்டுனா வண்டிக்கு மரியாதையா?"

வாட்ச்மேன் ஒச்சு துண்டை வீசியதும்
பெரிய கார் இருந்த இடத்திலேயே இருந்தது.
டயர் மட்டும் சுற்றியது, தாரை அரைத்தது, புகைந்தது.
அத்தனை குதிரைகளும் ஒரே வாசலில் நெரிபட்டன.
சின்னது அதற்குள் ஆறாம் பிளாட்டில்.
(ஆறு: அட்வான்ஸ் கொடுத்துவிட்டு
அப்புறம் போனே எடுக்காத டீச்சருடையது.)
ஒன்பது. பத்து.
நூல் அறுக்காத தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம்.
பன்னிரண்டில் மூன்று கார் நீளம் முன்னால்.
நான் மேலே நின்று
யாருக்கென்று தெரியாமல் கத்திக்கொண்டிருந்தேன்.

பெரியதற்கு நாலாம் பிளாட்டிலேயே பிடி கிடைத்துவிட்டது;
பதினெட்டில்தான் அது எனக்குப் புரிந்தது.
ரோட்டை யாரோ அதன் அடியிலிருந்து
பாயைப் போல உருவிக்கொண்டிருந்தார்கள்.
இருபத்தைந்தில்
கூரையில்லாத வண்டிக்குள் காற்று ஏறி உட்கார்ந்தது,
இறக்கிவைத்த ஆள் சீட்டுக்கு வந்த மாதிரி.
முப்பது.
முப்பத்து மூன்றாம் கல்லில் சிவப்பு முந்தியது.
எவ்வளவு என்கிறீர்களா?
மாலைக் கொக்கி அளவு.

பிரேக் பிடித்து
முப்பத்தேழில் நின்றாள் அவள்.
அவர் நின்றது கண்மாய்க் கரையில்,
நாற்பதாம் பிளாட்டின் எல்லைக்கல்லைச் சாய்த்துவிட்டு.
"இருபத்தெட்டுல கோடு போட்டிருந்தா?" என்றாள்.
"போடலயே" என்றார்.
அதற்குமேல் இருவரும் பேசவில்லை,
ஒரே பானெட்டைத் திறந்து வைத்து
ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எந்த வண்டியுடையது என்று டேங்க் மேலிருந்து தெரியவில்லை.

திங்கட்கிழமை தேனியிலிருந்து ஒருவர்
மனைவியோடு இடம் பார்க்க வந்தார்.
ஒன்றிலிருந்து நாலு வரை
இழுபட்டிருந்த இரண்டு கறுப்புக் கோடுகளை உற்றுப் பார்த்தார்.
"இதென்ன தம்பி?"
"வண்டிப் போக்குவரத்து உள்ள ஏரியா சார்."

அந்த அம்மா கல்மேலிருந்த செருப்பைப் பார்த்தார்.
"இங்க யாரோ குடியிருக்காங்க போல."
"ஒண்ணாம் நம்பரா?" என்றேன்.
"அது வித்துருச்சும்மா."